கோல் போட்டவருக்குப் பெயர்... தடுத்தவருக்கு? 100 போட்டிகள் ஆடிய டிஃபெண்டர் ஆஷாலதாவின் கதை

கால்பந்துப் போட்டி முடிந்ததும் ஸ்கோர் கார்டில் யார் பெயர் வரும்? கோல் போட்டவர் பெயர்தான், எத்தனையாவது நிமிடம் என்ற விவரத்தோடு. கோல் விழாமல் தடுத்தவர் பெயர் வராது. நடக்காத விஷயத்துக்கு நிமிடக் கணக்கு ஏது?

காரைக்குடியில் சாயங்காலம் பந்தோடு மைதானத்துக்குக் கிளம்பும் ஒரு பள்ளி மாணவி, "நான் டிஃபெண்டர்" என்று வீட்டில் சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். "அப்படின்னா கோல் போட மாட்டியா?" என்பது முதல் கேள்வி. "இதை வச்சுப் பொழைக்க முடியுமா?" என்பது அடுத்தது. இரண்டுக்குமான பதிலை லோய்டோங்பாம் ஆஷாலதா தேவியின் கால்பந்து வாழ்க்கையில் தேடலாம்.

யார் இந்த ஆஷாலதா?

1993-ல் பிறந்த மணிப்பூர்க்காரர். இந்திய மகளிர் அணியின் கேப்டனாகப் பல ஆண்டுகள் இருந்தவர். ஆடும் இடம் சென்டர் பேக், அதாவது கோல்கீப்பருக்கு நேர் முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய சாம்பியன்ஷிப்பில், 100 சர்வதேசப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

அவரது உச்சம் 2019. அந்த ஆண்டு மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசிய சாம்பியன்ஷிப் நடந்தது. மாலத்தீவை 6-0, இலங்கையை 5-0, அரையிறுதியில் வங்கதேசத்தை 4-0, இறுதிப் போட்டியில் நேபாளத்தை 3-1 என இந்தியா வென்றது. எல்லோரும் பேசியது போட்ட 18 கோல்களைப் பற்றி. நான்கு ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கேப்டன் ஆஷாலதாவின் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

2018-19 சீசனின் சிறந்த வீராங்கனை விருதை அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்குக் கொடுத்தது. அதே ஆண்டு ஆசியாவின் சிறந்த வீராங்கனைக்கான இறுதி மூவர் பட்டியலிலும் அவர் பெயர் வந்தது. விருதை வென்றவர் ஜப்பானின் சாகி குமகாய். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கடைசி பெனால்டியை அடித்து ஜப்பானைச் சாம்பியன் ஆக்கியவர். அவரும் ஒரு டிஃபெண்டர்தான்!

டிஃபெண்டர் வேலை என்ன?

பந்து வந்தால் எட்டி உதைப்பது மட்டும் இல்லை. சென்டர் பேக்குக்கு முழு மைதானமும் கண் முன்னால் தெரியும். எதிரணியில் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதைப் பார்த்து, "லைனை ஏத்து", "இடது பக்கம் பாரு" என்று விடாமல் குரல் கொடுக்க வேண்டும். பின்வரிசையில் நால்வரும் ஒரே கோட்டில் நகர்ந்தால்தான் எதிரணி ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடில் சிக்குவார். ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் கதை முடிந்தது. இன்றைய ஆட்டத்தில் தாக்குதலைத் தொடங்கும் முதல் பாஸும் பெரும்பாலும் இவர்கள் காலிலிருந்துதான் போகிறது.

ஆனால், பாராட்டு குறைவு. உலக அளவிலும் இதே நிலைதான். பெண்களுக்கான பலோன் தோர் விருது 2018-ல் தொடங்கியது. ஹெகர்பெர்க், ரப்பினோ, புதெயாஸ், போன்மத்தி என அதை வென்றவர்கள் எல்லாம் முன்களத்திலோ நடுக்களத்திலோ ஆடுபவர்கள். ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதை 2020-ல் இங்கிலாந்தின் லூசி பிரான்ஸ் வென்றபோது, ஒரு டிஃபெண்டருக்கு அது கிடைத்ததே செய்தியானது.

களத்துக்கு வெளியே விழுந்த அடிகள்

2021 நவம்பரில் பிரேசிலின் மனாஸ் நகரில் இந்தியா 6-1 எனத் தோற்றது. அது களத்தில் கிடைத்த பாடம். இரண்டு மாதம் கழித்து, 2022 ஜனவரியில், இந்தியாவிலேயே ஆசியக் கோப்பை. நவி மும்பையில் ஈரானுடன் முதல் ஆட்டம் 0-0. டிஃபெண்டர்களைப் பொறுத்தவரை நல்ல தொடக்கம். அடுத்த ஆட்டத்துக்கு முன் அணியில் கொரோனா பரவியது. சீன தைபேவுக்கு எதிராகக் களமிறக்கப் போதுமான ஆட்கள் இல்லை. இந்தியா தொடரிலிருந்தே வெளியேறியது. ஆடிய அந்த ஒரு ஆட்டமும் கணக்கில் சேரவில்லை. 2023 உலகக் கோப்பைக்கான தகுதி வாய்ப்பும் அதோடு போயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு அடி. கோகுலம் கேரளா அப்போது இந்தியாவின் சாம்பியன் அணி. ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிய நேரத்தில், நிர்வாகச் சிக்கலுக்காக இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா சஸ்பெண்ட் செய்தது. 11 நாட்களில் தடை நீங்கினாலும் அந்தத் தொடர் கைவிட்டுப் போனது. ஆடாமலே திரும்பினார்கள். முந்தைய ஆண்டு ஜோர்டானில் இதே கிளப்பை ஆசியப் போட்டியில் வழிநடத்தியவர் ஆஷாலதா.

சம்பளம் எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெண்களுக்கான தேசிய லீக்கின் முதல் சீசனில் இருந்தவை ஆறே அணிகள். 2019 சீசன் மே 5-ல் லூதியானாவில் தொடங்கி மே 22-ல் முடிந்துவிட்டது. வருஷத்துக்கு மூன்று வாரம் கூட ஓடாத லீக்கை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் அரசு வேலை முக்கியமானது. ஆஷாலதா தேசியப் போட்டிகளில் ரயில்வே அணிக்கு ஆடியவர். கடலூரைச் சேர்ந்த இந்திய நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னையில் பணியில் நின்றவர்.

2023-ல் ஒரு மாற்றம் வந்தது. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஒப்பந்தம் தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கூட்டமைப்பு முடிவு செய்தது. மாதக் கணக்கில் சுமார் 26,700 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால், 'சம்பளம்' என்று சொல்லக்கூடிய ஒன்று. 2023-24 சீசனில் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என இரண்டு இடங்களிலும் ஆடும் முறைக்கும் லீக் மாறியது.

நம்ம பக்கம் என்ன நிலவரம்?

காரைக்குடியிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் மதுரையின் சேது எஃப்சி, 2019-ல் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தி தேசிய லீக்கை வென்ற கிளப். விராட்நகரில் ஆஷாலதாவின் அணிக்கு எதிராக அந்த ஒரே கோலைப் போட்ட நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, இரண்டே மாதத்தில் சேதுவுக்காக ஆடினார். மாநில அணியும் சளைத்ததில்லை. 2018, 2023 என இரண்டு முறை சீனியர் தேசிய சாம்பியன். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டில் உண்டு. விளையாட்டைப் படிப்பாகவே எடுக்க நினைத்தால், காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

ஆக, "பொழைக்க முடியுமா?" என்ற கேள்விக்கு இன்றைய நேர்மையான பதில் இதுதான்: கால்பந்து மட்டும் போதும் என்று இன்னும் சொல்ல முடியாது. கிளப் ஒப்பந்தம், படிப்பு, அரசு வேலை மூன்றையும் சேர்த்துத் திட்டமிட்டால் முடியும். ஆஷாலதா ஆடத் தொடங்கியபோது இதில் முதலாவதே கிடையாது.

"கோல் போட மாட்டியா?" என்ற கேள்விக்கான பதில், 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் கிடைத்தது. தாய்லாந்தை 2-1 என வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இந்தியா. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தவை. எல்லாத் தலைப்புச் செய்தியும் அவருக்கே போனது, நியாயம்தான்.

ஆனால், அந்தத் தகுதிச் சுற்றிலும் இந்தியா ஆடியது நான்கு ஆட்டங்கள். வாங்கியது ஒரே ஒரு கோல். கேப்டன், மணிப்பூரின் ஸ்வீட்டி தேவி. அவர் ஆடும் இடம்? டிஃபெண்டர்!