கன்றுக் கழிச்சல்: குருதியின் அமிலத்தன்மையும் ஆக்ஸிஜன் கடத்தலும்

கழிச்சல் கண்ட இளங்கன்று எழ இயலாமல் கிடக்கும்போது, அதன் நுரையீரல் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். குருதியில் ஆக்ஸிஜனும் ஏறிக்கொண்டிருக்கும். ஆயினும் திசுக்களுக்கு அது போதிய அளவு சென்று சேர்வதில்லை. இதன் காரணத்தை அறிந்தால், முதலுதவியில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது விளங்கும்.

கன்றின் குருதியில் பி.எச். அளவு இயல்பாக 7.35 முதல் 7.45 வரை இருக்கும். கழிச்சலின்போது நீர், சோடியம், பைகார்பனேட் ஆகியவை சாணத்தோடு வெளியேறுகின்றன. ஒரு வார வயதைக் கடந்த கன்றுகளில், செரிக்காத பால் குடலில் நொதித்து டி-லாக்டிக் அமிலமும் உண்டாகிறது. நீரிழப்பு அதிகம் தெரியாத கன்றும் போதையுற்றது போலத் தள்ளாடுவது இதனால்தான்.

அமிலத்தன்மை கூடும்போது ஆக்ஸிஜன் மீது ஹீமோகுளோபினுக்குள்ள பிடி தளர்கிறது. டென்மார்க் உடலியல் அறிஞர் கிறிஸ்டியன் போர் 1904-இல் வெளிப்படுத்திய இவ்வியல்பு ‘போர் விளைவு’ எனப்படுகிறது. பிடி தளர்ந்தால் திசுக்களில் ஆக்ஸிஜன் எளிதில் இறங்கும். எனவே, அமிலம் ஆக்ஸிஜனை நேரடியாகத் தடுக்கிறது என்று கருதுவது பிழையாகும்.

தடை வேறிடத்தில் உள்ளது. நீரிழப்பால் குருதியின் கன அளவு குறைந்து, கால்களுக்கும் தோலுக்கும் செல்லும் ஓட்டம் சுருங்குகிறது. உடல் குளிர்கிறது, குளிர்ச்சி ஹீமோகுளோபினின் பிடியை மீண்டும் இறுக்குகிறது. பிடியைத் தளர்த்த உதவும் டி.பி.ஜி. என்னும் பொருள் இளங்கன்றின் சிவப்பணுக்களில் மிகுதியாக உண்டு. (மனிதருக்கு இது வாழ்நாள் முழுவதும் மிகுதி, வளர்ந்த மாட்டில் மிகக் குறைவு.) அமிலத்தன்மை இதன் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. இவ்வாறு, அமிலத்தால் கிடைத்த சிறு நன்மையும் கரைந்துபோகிறது.

ஆகவே கன்றை உலர்ந்த வைக்கோலில் கிடத்திச் சாக்கால் போர்த்துங்கள். கன்றின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் ஆகும். தூய விரலை வாயில் வைத்துப் பாருங்கள். கன்று விரலைச் சப்பினால், பாலை நிறுத்தாமல், பால் வேளைகளுக்கு இடையே கன்றுகளுக்கான உப்புக் கரைசலை வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். சப்பாத கன்றுக்கு எதையும் வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். அந்நிலையில் சிரை வழியாக நீர்மம் ஏற்றுவதே வழி. கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

அளவறியாமல் சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதனைத் தவிர்க்கவும். குருதி ஓட்டம் சீராகும் முன் அமிலத்தை மட்டும் விரைந்து மாற்றினால், ஹீமோகுளோபினின் பிடி இறுகி, திசுக்களுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் மேலும் குறையக்கூடும். பைகார்பனேட்டை நீர்மத்தோடு சேர்த்து, அளவு கணக்கிட்டு மருத்துவரே செலுத்துவார்.

கழிச்சலை உண்டாக்கும் சால்மோனெல்லா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய கிருமிகள் மனிதரையும் தாக்கும். கன்றைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.