உங்களுக்குத் தெரியுமா? குளிக்கும்போது பிறக்கும் யோசனை

நாள் முழுக்கப் பிடிபடாத ஒன்று, தலையில் தண்ணீர் விழும்போது சட்டெனப் பிடிபடுவதுண்டு. சொம்பில் மொண்டு ஊற்றுவதும் சோப்பு தேய்ப்பதும் கைக்குப் பழகிய வேலைகள். அவை மனத்தை லேசாகப் பிடித்துவைக்கும், முழுதாகக் கட்டிப்போடாது.

2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாக்கரி இர்விங் குழுவினர் இது பற்றிய ஆய்வை வெளியிட்டனர். செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொல்லி, நடுவே 3 நிமிட வீடியோ காட்டினர். சுவையான திரைப்படக் காட்சியைப் பார்த்தபடியே மனத்தை அலையவிட்டவர்களுக்குக் கூடுதல் யோசனைகள் வந்தன. துணி மடிக்கும் சலிப்பூட்டும் காட்சியில் மனம் அலைந்தும் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆக, வெறுமனே சும்மா இருப்பது போதாது. குளியலும் அந்தத் திரைப்படக் காட்சி போல மனத்தை ஓரளவு பிடித்துவைக்கும் வேலை.

குளியல் என்றால் குளியலறை மட்டுமல்ல; கடலூர் மாவட்டத்துப் பீங்கான் நகரான விருத்தாசலத்தில் குளியலறைக்கு முன்பே ஆறு இருந்தது. விருத்தகாசி என்றும் பெயர் பெற்ற இவ்வூரில், மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் நீராடி, முன்னோரை நினைத்துத் தர்ப்பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு.