தோளில் தந்தை, தந்தை கையில் தெய்வம்

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு ரோமாபுரி முற்றிலும் அந்நியமான ஊரன்று. தாமிரபரணிக் கரையில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கையை, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு 'கொல்கி' என்று குறிப்பிடுகிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்றும் கூறுகிறது. இந்தியா, சீனா, அரேபியா ஆகிய நாடுகளின் பொருள்களுக்காக ஆண்டுதோறும் பத்துக்கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுகிறதே என்று ரோம அறிஞர் பிளினி வருந்தியதும் அதே நூற்றாண்டில்தான்.

வங்கியில் கணக்குப் பார்த்தே காலம் கழித்த எனக்கு, முதலில் கண்ணில் பட்டது அந்தப் பத்துக்கோடிதான். பணி ஓய்வுக்குப் பிறகே, முத்துகள் அங்குச் சென்று என்ன ஆயின என்று படிக்கத் தொடங்கினேன். அவை செல்வச் சீமாட்டிகளின் காதுகளோடு நின்றுவிடவில்லை. தெய்வ சந்நிதிக்கும் சென்றிருக்கின்றன. ஜூலியஸ் சீசர், வீனஸ் தேவிக்கு முத்துகளாலான மார்புக் கவசமொன்றைக் காணிக்கையாக்கினார். அவை பிரித்தானிய முத்துகள் என்றாலும், மிகுதியான முத்துகளைத் தருவது இந்தியக் கடலே என்று பிளினி எழுதுகிறார். எகிப்து அரசி கிளியோபாத்ராவின் பெருமுத்து ஒன்று இரண்டாக அறுக்கப்பட்டு, பாந்தியன் கோயிலில் வீனஸ் தேவியின் இரு செவிகளிலும் அணிவிக்கப்பட்டது என்பதும் அவர் தரும் செய்தியே. திருவரங்கத்தில் முத்தங்கி சேவை கண்டு கைகூப்பியவர்களுக்கு இந்தப் பக்தி புரியாமல் போகாது.

இல்லமே ஆலயம்

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் பணிபுரியும் என் மகன் என்னையும் என் துணைவியாரையும் இத்தாலிக்கு அழைத்துச் சென்றான். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பாம்பேய் நகரில், வெட்டி என்னும் குடும்பத்தாரின் வீட்டைப் பார்த்தோம். அவ்வீட்டுச் சுவரில் சிறிய கோயில் முகப்பு போன்றதொரு மாடம். அதில் தலையை ஆடையால் மூடியபடி வழிபாடு செய்யும் உருவம். இருபுறமும் 'லாரெஸ்' எனப்படும் இல்லக் காவல் தெய்வங்கள். கீழே படையலை நோக்கி வரும் நாகம். "நம் வீட்டுப் பூஜை மாடம் போலவே இருக்கிறதே!" என்றார் துணைவியார்.

அவர் சொன்னது உண்மைதான். ரோமர் இல்லங்களில் உணவின் ஒரு பகுதி முதலில் அத்தெய்வங்களுக்குப் படைக்கப்பட்டது. மாதத்தின் குறிப்பிட்ட நாள்களில் அடுப்படிக்கு மாலை சாத்தினார்கள். புகுந்த வீட்டுக்கு வரும் மணமகள் மூன்று காசுகள் கொண்டுவருவாள். ஒன்று கணவனுக்கு, ஒன்று இல்லத் தெய்வத்துக்கு, ஒன்று தெருமுனைத் தெய்வத்துக்கு. வாயிலுக்கு ஜானஸ், உக்கிராண அறைக்குப் 'பெனாட்டெஸ்', அடுப்புத் தீக்கு வெஸ்தா என்று வீடு முழுவதும் தெய்வம் நிறைந்திருந்தது. நகருக்குப் பொதுவான வெஸ்தாவின் தீயை ஆறு கன்னியர் முப்பதாண்டுகள் நோன்பிருந்து காத்தனர். அத்தீ அணைந்துவிட்டால், நம் வேள்விகளில் அரணி கடைவதுபோல் கட்டையைக் கடைந்தே மீண்டும் தீ மூட்டுவார்களாம்.

முதியவர் மறுத்தார்

பிறகு ரோம் நகரின் போர்கேசே கலைக்கூடத்தில், பெர்னினி என்னும் சிற்பி தம் இருபதாவது வயதையொட்டிச் செதுக்கிய பளிங்குச் சிலையொன்றைக் கண்டேன். வர்ஜில் பாடிய காவியத்தில் வரும் காட்சி அது. டிராய் நகரம் பகைவரால் எரிக்கப்படுகிறது. வீரன் ஈனியாஸ் குடும்பத்தோடு வெளியேற முனைகிறான். முதியவரான தந்தை அன்கைசீஸ் வர மறுக்கிறார். "இந்த வீட்டிலேயே என் முடிவு நேரட்டும்" என்பது அவர் எண்ணம். அவ்வேளையில் பேரன் அஸ்கானியஸின் தலையில் சுடர் ஒன்று தோன்றுகிறது. முடியைத் தீண்டுகிறது, ஆனால் சுடவில்லை. அதைத் தெய்வக் குறிப்பென்று உணர்ந்த முதியவர் இசைகிறார். ஈனியாஸ் தந்தையைத் தோளில் சுமக்கிறான். போரில் குருதி படிந்த தன் கையால் தெய்வத் திருவுருவங்களைத் தொடலாகாது என்று, அவற்றைத் தந்தையின் கையில் தருகிறான். வழியில் மனைவியை இழக்கிறான். அந்தத் தெய்வங்களே இத்தாலிக்கு வந்து ரோமரின் தெய்வங்களாயின என்பது அவர்கள் நம்பிக்கை.

சிலையில், தோள்மீதுள்ள முதியவர் கையில் தெய்வங்கள் இருக்கின்றன. பின்னால் வரும் சிறுவன் இல்லத்தின் தீயை ஏந்தியிருக்கிறான். அன்று அதை வியந்தேனே தவிர, அது என் கதையாகும் என்று நினைக்கவில்லை.

கேட்பாரற்ற வைப்புத்தொகை

கி.பி. 392-இல் பேரரசர் தியடோசியஸ், இல்லத் தெய்வங்களுக்குத் தீயும் தூபமும் மாலையும் சாத்துவதைத் தடைசெய்து ஆணையிட்டார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் வெஸ்தாவின் தீயும் அணைந்தது. இன்று 'லாரெஸ்' உருவங்கள் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் நிற்கின்றன. வங்கியில் பத்தாண்டுகள் எவரும் கோராத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். பணம் பத்திரமாகத்தான் இருக்கும். 'என்னுடையது' என்று கேட்க ஆள் இருக்காது. அந்தத் தெய்வங்களைப் பார்த்தபோது எனக்கு அந்நினைவே வந்தது.

அவர்களைத் தடுத்தது அரசாணை. நம்மை எவரும் தடுக்கவில்லை. எனினும் நம்முள் எத்தனை பேரன் பேத்தியருக்குக் குலதெய்வத்தின் பெயர் தெரியும்? பங்குனி உத்திரத்தன்று எந்த ஊர்ச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு சென்றோம் என்று தெரியும்?

என் துணைவியார் இறைவனடி சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அவர் ஏற்றிவந்த, என் தாயார் தந்த பித்தளைக் குத்துவிளக்கை இப்போது நான் ஏற்றுகிறேன். "தனியாக இருக்க வேண்டாம், அப்பா, எங்களோடு வந்துவிடுங்கள்" என்று மகன் கெஞ்சுகிறான். நானும் அன்கைசீஸைப் போலவே மறுத்துவந்தேன். பாகம்பிரியாள் அம்மன் சந்நிதியை விட்டு எங்கே போவது? பிள்ளைக்குப் பாரமாக ஏன் போவது?

சென்ற மாதம் அலைபேசியில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீங்க வரும்போது ஆச்சி விளக்கையும் கொண்டுவருவீங்கல்ல? எனக்கு ஏத்தச் சொல்லித் தரணும்."

அன்றிரவு அந்தப் பளிங்குச் சிலை மீண்டும் கண்முன் நின்றது. தோளில் இருக்கும் முதியவர் பாரமல்லர். மகனால் தொட இயலாத தெய்வம் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் இறுதிவரை மறுத்திருந்தால், தெய்வமும் அவரோடு அந்த நெருப்பிலேயே தங்கியிருக்கும்.

வீட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. விளக்கைப் பற்றி முடிவெடுத்துவிட்டேன். குலதெய்வத்தின் பெயர், கோயிலுள்ள ஊர், செல்லும் வழி, படையல் முறை, தாயார் பாடிய பாட்டு ஆகிய அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். முதல் பக்கத்தில் பேத்தியின் பெயர் இருக்கிறது. வங்கி மொழியில் சொன்னால், அவள்தான் 'நாமினி'.

அன்பர்களே, உங்கள் இல்லத்துத் தெய்வத்துக்கும் ஒரு வாரிசின் பெயரை இன்றே எழுதி வையுங்கள். பாகம்பிரியாள் அம்மன் அருளால் அந்தச் சுடர் எந்த ஊரிலும் அணையாதிருக்கட்டும்.