மூச்சு விற்கும் கடை

"சாமான் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது, இனி நம் கடைக்கு எதற்காக வருவார்கள்?" சங்கக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. செல்போனில் சொன்னால் பருப்பும் எண்ணெயும் வாசலில் வந்து இறங்கும் காலத்தில் இந்தக் கேள்வி நியாயமானதே. இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் புதுவையிலேயே, மளிகைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு தொழிலைக் கவனித்தால் போதும். ஸ்கூபா என்னும் கடலடி நீச்சலுக்குப் பயிற்சியும் கருவியும் தருகிற கடைகளைத்தான் சொல்கிறோம்.

முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கடலுக்கடியில் மூச்சு விட்டபடியே நீந்துவது ஸ்கூபா. இதற்கு வழி செய்த கருவியை 1943ல் உருவாக்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ, மற்றவர் எஞ்சினியர் எமில் காஞ்யான். யுத்த காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்குக் காஞ்யான் செய்த ரெகுலேட்டர்தான் இதற்கு மூலம். பிரெஞ்சுப் பெயர்கள் புதுவைக்காரர்களுக்குப் புதிதல்லவே!

இந்தக் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் லாஸ் ஏஞ்சல்ஸில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ரெனே புஸோ. பத்து உருப்படி விற்றதும், இனி வாங்க ஆளில்லை என்று அவர் பிரான்சுக்குத் தகவல் அனுப்பியதாக ஒரு கதை உண்டு. சரக்கு வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லை. ஆகவே, கடைகளே பள்ளிக்கூடமாயின. 1966ல் தோன்றிய 'பேடி' போன்ற பயிற்சி அமைப்புகள், கடை வழியாகவே பாடம் நடத்திச் சான்று அட்டை கொடுக்கத் தொடங்கின. வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்காமல், தானே உருவாக்கிக்கொண்ட வியாபாரம் இது.

நம் ஊரில் டெம்பிள் அட்வென்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தொழிலை நடத்துகின்றன. கரையிலிருந்து படகேறிப் போய், மீன்கள் கூடும் பாறைத் திட்டுகளிலும், மனிதர் அமைத்த 'டெம்பிள் ரீஃப்' என்ற செயற்கைத் திட்டிலும் இறங்குகிறார்கள். மீனவர் பேச்சில் இதுபோன்ற திட்டுக்குப் 'பார்' என்று பெயர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் இக்கடைகளை நம்பித்தான் வருகிறார்கள்.

இவர்கள் விற்பது என்ன? முகக்கண்ணாடியும் துடுப்புக் காலணியும் அஞ்சலிலேயே வரும், விலையும் குறைவு. அஞ்சலில் வராதது காற்று. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறோம். இல்லை, நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் கம்ப்ரசர் வைத்து அடைக்கிறார்கள். சாதாரணமாக 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால், சுமார் 2,200 லிட்டர் காற்று. 10 மீட்டர் ஆழத்தில் செலவு இரட்டிப்பு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. 200ல் 50 மீதமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். முதலில் கை வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்ன கணக்குதான் இதுவும்.

காற்றின் தரத்தை வாங்குகிறவர் பார்த்துச் சொல்ல முடியாது. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாயருகே ஒரு வண்டியின் புகை பட்டாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே போய்விடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஆழத்தில் அழுத்தம் ஏற ஏற அதன் விஷமும் ஏறும். ஆகவே, ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும், சிலிண்டரைத் திறந்து உட்புறம் பார்க்க வேண்டும், நீரழுத்தச் சோதனைக்குக் கெடு தவறாமல் அனுப்ப வேண்டும். இவை யாவும் வாடிக்கையாளர் கண்ணுக்குப் படாத செலவுகள். நம் தராசுக்கு முத்திரை போட அதிகாரி வருகிறார். ஆனால், மூட்டைக்கு அடியில் இருக்கும் சரக்கு எப்படி என்பது நமக்கும் நம் மனச்சாட்சிக்கும் மட்டுமே தெரியும்.

சில காலத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்த உறவுக்காரப் பையனை ஒரு ஸ்கூபா கடைக்கு அழைத்துப் போனோம். உடல்நலம் பற்றி ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். பையனுக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்திருந்தால் ஆழத்தில் காதின் அழுத்தம் சமனாகாது, செவிப்பறைக்கு ஆபத்து என்று சொல்லிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் அன்றிரவே சென்னையில் விமானம் ஏறுகிறவர், அவருக்கும் இல்லை என்றார்கள். கடலில் இறங்கி எழுந்த உடலில் நைட்ரஜன் தங்கியிருக்கும், பறப்பதற்கு முன் குறைந்தது 12 முதல் 18 மணி நேர இடைவெளி வேண்டுமாம். கல்லாவுக்கு வந்த பணத்தை இரண்டு முறை திருப்பியதைப் பார்த்தோம். பையன் மறு விடுமுறைக்கு நண்பர்கள் மூவரோடு அதே கடைக்கு வந்தான்!

அப்போது நமக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. ஒரு பஞ்சமான மாதத்தில், வண்டு விழுந்த துவரம்பருப்பு மூட்டைகளைத் தெரிந்தே ஒரு சில்லறைக் கடைக்காரருக்குத் தள்ளிவிட்டோம். தந்தை காலத்து வாடிக்கை அவர். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பாக்கியைப் பைசா சுத்தமாகத் தீர்த்துவிட்டு வேறு மண்டிக்குப் போய்விட்டார். பேரேட்டில் அவர் பக்கம் அத்தோடு முடிந்தது. லாபம் சில நூறு, நஷ்டம் இன்றுவரை கணக்கில் அடங்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஸ்கூபாவில் தனியாக இறங்கக் கூடாது, துணையோடுதான் இறங்க வேண்டும். துணையில்லாமல் வருகிறவருக்குத் துணை சேர்த்துவிடுவது கடைதான். கடல் இன்று தெளிவா கலங்கலா, நீரோட்டம் எப்படி என்பதும் அங்கேதான் தெரியும். கடலடியில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலைகளையும் பிளாஸ்டிக்கையும் எடுத்து வர ஆள் திரள்வதும் அங்கேதான். புதுவைப் பயிற்சியாளர் அரவிந்த் தருண்ஸ்ரீயின் குழுவினர், மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த 2022ல் கடலுக்கடியில் சதுரங்கம் ஆடிக் காட்டியதை அங்கத்தினர்கள் அறிவார்கள். பொருள் வாங்கும் இடம் மனிதர் கூடும் இடமாகவும் ஆனபின், அதை வெறும் விலைக்குறைப்பால் சாய்க்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் இவர்களுக்கு வியாபாரம் இல்லை. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் நம் ஊரைப் புரட்டியது நினைவிருக்கும். அந்த நாட்களையும் தாங்கி, மறு பருவத்துக்கு ஆட்கள் திரும்பி வருகிறார்கள் என்றால் காரணம் விளம்பரம் மட்டுமல்ல.

நம் கடையில் எது அஞ்சலில் வராதது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். "இந்த நெய் வேண்டாம் அம்மா, நாளை புதுசு வருகிறது" என்ற ஒரு சொல்லை எந்தக் கம்பெனியும் வீட்டு வாசலில் வந்து சொல்லாது. அதைச் சொல்லும் தைரியம் நமக்கு இருக்கும் வரையில் நம் படியேற ஆள் வரும். இல்லையென்றால், நாமும் விலைப்பட்டியலில் ஒரு வரிதான்.