எதற்காக இளைக்க வேண்டும்?

சங்கத்தின் பொங்கல் விருந்தில் எதிரே அமர்ந்திருந்த நண்பரின் இலையில் வெள்ளரித் துண்டுகள் மட்டுமே. "அடுத்த மாதம் பெண் கல்யாணம் சார். அதற்குள் பத்து கிலோ குறைக்க வேண்டும்" என்றார். முகம் வாடியிருந்தது.

நானும் இப்படிச் செய்தவன்தான். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபோது, பிரிவுபசார விழாப் புகைப்படத்துக்காக இரண்டு வாரம் கஞ்சி குடித்தே நான்கு கிலோ குறைத்தேன். படம் நன்றாக வந்தது. மூன்று மாதத்தில் எடையும் திரும்பி வந்தது!

நம் தார்நாக்காவில் இருக்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் குன்னூரில் பிறந்து, 1958இல் ஐதராபாத் வந்தது. 2024இல் அது வெளியிட்ட உணவு வழிகாட்டி, வாரத்துக்கு அரைக் கிலோ குறைப்பதே பத்திரமானது என்கிறது. இளைக்க விரும்புகிறவரின் சாப்பாடும் நாளுக்கு 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். வயதான காலத்தில் நம்மைத் தாங்குவது அந்தத் தசைதானே?

பின்னர் முழங்கால் வலி வந்தது. சர்க்கரையும் எல்லையில் நிற்பதாக டாக்டர் சொன்னார். காரணம் மாறியதும் வழியும் மாறியது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, காய், சுண்டல். காலையில் முக்கால் மணி நேர நடை. எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. இன்று ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் நிற்காமல் ஏறுகிறேன்.

விசேஷத்துக்காக இளைத்தால், விசேஷத்தோடு அதுவும் முடிந்துவிடும். உடம்புக்காக என்றால் அவசரமே இல்லை. நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். பாயசத்தை வேண்டாமென்றவர், கொஞ்சம் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டார்.