‘ஹேண்ட் பிளாக் பிரின்ட்’ ராப் ஸ்கர்ட்... கையால் அச்சடித்ததா, மெஷினா? கண்டுபிடிப்பது எப்படி?

ஜிப் கிடையாது, எலாஸ்டிக் கிடையாது. இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது வேலை. எடை கூடினாலும் குறைந்தாலும் முடிச்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம். பூப்போட்ட காட்டன் ராப் ஸ்கர்ட் வெயில் காலத்துக்கு அவ்வளவு வசதி.

ஆனால், ஆன்லைனில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். இரண்டு ஸ்கர்ட்டிலும் ஒரே மாதிரி பூக்கள். இரண்டிலும் ‘ஜெய்ப்பூர் பிளாக் பிரின்ட்’ என்ற பெயர். ஒன்று சில நூறு ரூபாய், இன்னொன்று ஆயிரத்தைத் தாண்டும். ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு பூ, மூன்று கட்டை

ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் சாங்கானேர், இந்தப் பூக்களுக்குப் பேர்போன ஊர். வெளிர் துணியில் சின்னச் சின்னப் பூக்கள்தான் அதன் அடையாளம். சிப்பா சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். மரக்கட்டையில் பூவைச் செதுக்கி, சாயத்தில் ஒற்றி, துணிமேல் வைத்துக் கையால் ஓங்கித் தட்டுவார்கள்.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. கோடுகளுக்கு ஒன்று, இதழுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. துணி முழுக்கக் கோடுகளை அச்சடித்து முடித்த பிறகு, இதழுக்காக மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அப்புறம் இலைக்காக இன்னொரு முறை. ஸ்கிரீன் பிரின்டிங்கில் இதே வேலை பல மடங்கு வேகமாக முடிந்துவிடும். சாங்கானேரிலேயே பல பட்டறைகள் அதற்கு மாறிவிட்டன.

பூவுக்குப் போட்ட தடை

நம் பாட்டிகள் ‘சீட்டிப் பாவாடை’ என்பார்களே, அந்தச் சீட்டி என்பது பூ அச்சடித்த பருத்தித் துணிதான். சோழமண்டலக் கடற்கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய இந்தத் துணிக்கு ஐரோப்பாவில் செம கிராக்கி. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. அது 1759 வரை நீடித்தது. 1719-ல் லண்டன் தெருக்களில், அச்சுத் துணி உடுத்திய பெண்களின் ஆடைகளை நெசவாளர்கள் கிழித்தெறிந்தார்கள். 1721-ல் அங்கே அதை உடுத்துவதற்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

அன்று கை அச்சுக்கு எதிரி சட்டம். இன்று, அதன் பெயரிலேயே விற்கப்படும் மெஷின் பிரின்ட்.

வாங்கும்முன் இதைப் பாருங்க

* பூக்களை ஒப்பிடுங்கள்: கையால் தட்டியது என்றால், ஒரு பூவில் சாயம் அழுத்தமாகவும் பக்கத்துப் பூவில் கொஞ்சம் மெலிந்தும் இருக்கும். இதழின் நிறம் கோட்டைத் தாண்டி லேசாக விலகியிருக்கலாம். அச்சுப் பிசகாமல் எல்லாப் பூவும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

* கட்டை சேரும் இடத்தைத் தேடுங்கள்: அடுத்த கட்டையைச் சரியாக வைக்க உதவும் குட்டிப் புள்ளிகள் சில துணிகளில் தெரியும்.

* திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தால், டிஜிட்டல் பிரின்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* வார்த்தையைக் கவனியுங்கள்: ‘பிளாக் பிரின்ட் டிசைன்’ என்றால் டிசைன் மட்டும்தான் அப்படி. ஆன்லைனில் வாங்கினால் குளோசப் போட்டோவும் பின்பக்கப் போட்டோவும் கேளுங்கள்.

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மெஷின் பிரின்ட் ஸ்கர்ட் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால், கை வேலைக்கான விலையைக் கொடுத்தால், அது கட்டையைத் தட்டிய கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.