மென்பொருள் தொழிலில் முதல் ஆண்டுகள்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் பகுதியில் அமைந்தது சாந்திபுரம். அருகிலுள்ள குப்பத்தில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் பெங்களூரை அடைந்துவிடலாம். அவ்வாறு மென்பொருள் வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் பயின்றவர் அவர். படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. ஆகவே, "எனக்குத் தெரியாது" என்று அலுவலகத்தில் சொல்ல அஞ்சுகிறார். அந்த அச்சமே அவருடைய வளர்ச்சிக்கு முதல் தடையாகும்.

தெரியாமை இத்தொழிலில் இழுக்கன்று. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மனின் வழிகாட்டலில் ஒரு சிறு குழு மின்னணுக் கணிப்பொறி ஒன்றை அமைக்க முற்பட்டது. குழுவினரில் பெரும்பாலோர் அதற்குமுன் கணிப்பொறியைப் பயன்படுத்தியவரும் அல்லர். 1956-இல் முன்மாதிரி இயங்கிற்று. 1960-இல் 'டிஃப்ராக்' என்னும் முழுப்பொறி வேலை செய்யத் தொடங்கிற்று.

அப்படியாயின், புதியவர் எதைக் கற்க வேண்டும்? பிழை காணும் ஆற்றலை முதலில் கற்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பள்ளிப் பதிவேடு ஒன்றில் 'கொண்டம்மா' என்ற பெயரைத் தேடுகிறோம். பெயர் கண்ணெதிரே இருக்கிறது. கணிப்பொறியோ இல்லை என்கிறது. காரணம் யாது? யூனிகோடு முறையில் 'கொ' என்பதை, ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். தோற்றம் ஒன்றே, உள்ளிருக்கும் எண்கள் வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும். கன்னடத்திலும் இச்சிக்கல் உண்டு. இதனை உணர்ந்தவருக்குத் தாய்மொழி அறிவும் தொழில் முதலாகின்றது.

பிழை பிடிபடாதபோது மூத்தவரை நாடுவதில் வெட்கமில்லை. ஆனால், செல்லுமுன் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: எது நிகழ வேண்டுமென எதிர்பார்த்தீர்கள்? உண்மையில் நிகழ்ந்தது என்ன? இதுவரை எவற்றைச் செய்து பார்த்தீர்கள்? எழுதும்போதே பாதிப் பிழைகள் தாமே வெளிப்பட்டுவிடும். எஞ்சியதற்கு மூத்தவர் மனமுவந்து நேரம் தருவார். அவர் உங்கள் நிரலில் குறை காட்டினால் அது நிரலைப் பற்றியதே, உங்களைப் பற்றியதன்று.

கருவிகளின் பெயர்கள் சில ஆண்டுகளுக்கொரு முறை மாறும். இன்று இயந்திரமே நிரல் எழுதித் தருகிறது. எனினும் அது சரியா என்று தேர்பவர் மனிதரே. ஆதலின் வேலை மாற நினைக்கும்போது, ஊதியத்தோடு மற்றொன்றையும் கேளுங்கள்: "அங்கே எனக்குக் கற்பிப்பவர் உண்டா?" முதல் சில ஆண்டுகளில் நல்ல ஆசான் வாய்ப்பது, பின்னர் நெடுநாள் பலன் தரும். நாளை உங்களிடம் வந்து தயங்கி நிற்கும் புதியவருக்கு நீங்களும் அவ்வாறே அமர இடந்தாருங்கள்.